ஒழுங்கையில் ஒரு சினைப்பர்காரி

கண்டிக்குப் பக்கத்தில், வீடுகள் நெருங்கிய எங்கள் ஒழுங்கையில் என்னைச் சினைப்பர்காரி என்கிறார்கள். நேரில் யாரும் சொல்வதில்லை, அந்தத் தைரியம் அங்கே ஒருவருக்கும் கிடையாது. நான் முனைக்கடைக்குப் பாண் வாங்கப் போனால் பேச்சு நின்றுவிடும், நான் திரும்பி நடந்ததும் மறுபடி தொடங்கும். எனக்கு ஐம்பத்து நான்கு வயது. முகத்தில் தடித்த கண்ணாடி. கட்டுகஸ்தோட்டைப் பாலத்தடியில் நின்றால், வருகிற பஸ் கண்டிக்கா மாத்தளைக்கா என்று பக்கத்தில் நிற்பவரைக் கேட்டுத்தான் ஏறுவேன். இப்படிப்பட்டவள் ஒளிந்திருந்து ஆட்களைக் குறிபார்த்துச் சுட்டாள் என்று நம்புவதற்குத் தனி மூளை வேண்டும். எங்கள் ஒழுங்கைக்கு அது தாராளமாக வாய்த்திருக்கிறது.

நான் சத்தியப்பிரமாணம் செய்த மொழிபெயர்ப்பாளர். கண்டியில் நீதிமன்றத்துக்குப் பக்கத்தில் ஒரு மேசையும் இரண்டு கதிரைகளும் போட்டுக்கொண்டு, பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி, விவாகரத்துத் தீர்ப்பு எல்லாவற்றையும் மூன்று மொழிகளுக்குள் மாற்றிக் கொடுக்கிறேன். சில நாள் வழக்கில் நின்று வாய்மொழியாகவும் பெயர்க்க வேண்டியிருக்கும். அந்த வேலைக்கு ஒரு முறை உண்டு. பேசுகிறவர் ‘நான்’ என்றால் நானும் ‘நான்’ என்றே சொல்ல வேண்டும். ‘அவர் இப்படிச் சொல்கிறார்’ என்று நடுவில் ஒட்டுப்போடக் கூடாது. அதோடு நீதிபதிக்குக் கேட்கும்படி உரக்கச் சொல்ல வேண்டும். ஆடு திருடினேன், பெண்டாட்டியை அடித்தேன், கள்ளக் கையெழுத்து வைத்தேன் என்று இத்தனை வருடத்தில் நான் ஒப்புக்கொள்ளாத குற்றம் இல்லை. நீதிமன்றத்தில் அதற்காக யாரும் என்னைப் பிடித்து உள்ளே போட்டதில்லை.

எங்கள் வீட்டுக்கு நாலு வீடு கீழே ஒரு தையற்காரி குடியிருக்கிறாள். வடக்கில் யுத்தம் நடந்த வன்னிப் பக்கத்துக்காரி. எங்கள் மலையகத்து ஓட்டோக்காரர் ஒருவரைக் கட்டிக்கொண்டு வந்தவள். முதன்முதலில் அவள் என் மேசைக்கு வந்தபோது எட்டாக மடித்த ஒரு கடதாசியைக் கொண்டுவந்தாள். யுத்தம் முடிந்து முகாமிலிருந்து விடும்போது போராளிகளுக்குக் கொடுத்த, சிங்களத்தில் இருந்த புனர்வாழ்வுச் சான்றிதழ். அதில் என்னதான் எழுதியிருக்கிறது என்று தெரிந்துகொள்ளாமலே பல வருடம் வைத்திருந்திருக்கிறாள். வாசித்துச் சொன்னேன். பெயர்த்து முத்திரை குத்தவேண்டாம் என்றுவிட்டு, மறுபடி எட்டாக மடித்து சட்டைக்குள் வைத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு பௌர்ணமிப் போயா விடுமுறை நாட்களில் என் வீட்டுக்கு வருவாள். அவள் மகள் கிழமையில் மூன்று நாள் என்னிடம் ஆங்கிலம் படிக்க வருவாள். பதினைந்து வயது. கெட்டிக்காரி, ஒன்று சொன்னால் மூன்று கேட்பாள்.

தான் என்னவாக இருந்தாள் என்பதை ஒரு போயா நாளில் கைமடிப்புத் தைத்துக்கொண்டே சொன்னாள். சொல்லி முடித்து நூலைப் பல்லால் கடித்தாள்.

“பிள்ளைக்கு மட்டும் தெரியக் கூடாதக்கா. வேற ஆருக்குத் தெரிஞ்சாலும் நான் தாங்குவன்.”

அதுதான் அவள் என்னிடம் கேட்ட ஒரே உதவி.

பிறகு வந்தான் படக்காரன். லண்டனில் பிறந்த தமிழன். தமிழில் அவனுக்கு இட்லி, வடை, அம்மா மூன்றும் தெரியும். யுத்தத்தில் துவக்குத் தூக்கிய பெண்களைப் பற்றிப் படம் எடுக்கிறானாம், வெளிநாட்டில் இருக்கும் யாரோ ஒரு சிநேகிதி இவளுடைய நம்பரைக் கொடுத்துவிட்டாள். இவள் முடியாது என்றாள். அவன் விடவில்லை. சண்டையில் இவளோடு பக்கத்தில் படுத்து, சுடுவதற்குத் தூரம் பார்த்துச் சொன்ன பெண் ஒருத்தி இருந்தாள். கடைசிச் சண்டைக்குப் பிறகு அவளைப் பற்றித் தகவலே இல்லை. அவளுடைய படம் ஒன்று தன்னிடம் இருக்கிறது, வரும்போது கொண்டுவருகிறேன் என்று தூண்டில் போட்டான். அந்த முகத்தை ஒருமுறை பார்க்க வேண்டும் என்பதற்காக இவள் ஒத்துக்கொண்டாள். பேட்டியை அவள் வீட்டில் வைக்க முடியாது, பிள்ளை இருக்கிறாள். ஆகவே மாடியில் என் வீட்டில், பிள்ளை பாடசாலையில் இருக்கும் நேரத்தில், நான் பெயர்ப்பது, படத்தில் அவளை அடையாளம் தெரியக் கூடாது என்று ஏற்பாடு.

வந்ததும் அவன் யன்னலைத் திறந்து மலையைப் பார்த்து, அழகு, அழகு என்று பத்துத் தடவை சொன்னான். அந்தப் பெண்ணின் படம் எங்கே என்று கேட்டேன். கொழும்பு ஹோட்டலில் மறந்து வைத்துவிட்டு வந்துவிட்டானாம். கமராவுக்கு மூன்று பெட்டி, மைக்குக்கு ஒரு பெட்டி, தன் முகத்துக்குப் பூசும் கிறீமுக்கு ஒரு பை, எல்லாம் மறக்காமல் வந்திருந்தன. இவள் தையல் பையைக் காலடியில் வைத்துவிட்டுக் கதிரையில் உட்கார்ந்தாள்.

முதல் கேள்வி: உயிரைச் சுமக்கப் பிறந்த பெண்ணாகிய உங்களால் எப்படி ஓர் உயிரை எடுக்க முடிந்தது? எனக்கு வாய் கூசியது. ஆனாலும் வேலை வேலைதான், பெயர்த்தேன். அவள் முழங்கையைத் தடவிக்கொண்டு சொன்னாள்.

“எறும்புதான் பெரிய கரைச்சல். ரெண்டு நாள் ஒரே இடத்தில கிடப்பம், கடிச்சாலும் அசையேலாது.”

படக்காரனின் முகம் விழுந்துவிட்டது. எறும்பைக் கேட்கவா ஆறாயிரம் மைல் பறந்து வந்தான்? கண்ணீர் வேண்டும் அவனுக்கு. எத்தனை பேர் என்று கேட்டான். எண்ணியது தானில்லை, பக்கத்தில் கிடந்தவள் என்றாள். சுடுவதற்கு முன் நிலத்தை நனைத்துக்கொள்வார்களாம், இல்லாவிட்டால் புழுதி கிளம்பி இடம் பிடிபட்டுவிடும். அதை அவன் குறித்துக்கொள்ளவே இல்லை. பிறகு குறிபார்ப்பதுபோல ஒரு கண்ணை மூடச் சொன்னான்.

“ரெண்டு கண்ணும் திறந்துதான் இருக்கும். ஒண்டை மூடினா கெதியாக் களைச்சுப் போகும்” என்றாள்.

பார்க்கிறவர்களுக்கு அது புரியாது, தயவுசெய்து மூடுங்கள் என்றான். போருக்குப் போனவளுக்குப் போர் படிப்பிக்க வந்த பிறவி! அவள் அவனுக்காக ஒரு கண்ணை மூடினாள். பிறகு அவளுடைய வலது கைச் சுட்டுவிரலை மட்டும் அரை மணி நேரம் வளைத்து வளைத்து எடுத்தான். அதில் ஊசி குத்திய தழும்புகள்தான் இருந்தன.

அவள் குரல் தாழ்ந்த குரல். சட்டையில் குத்திய மைக்குக்குக் கேட்டது, எனக்குக் கேட்டது, அவ்வளவுதான். கேள்வியை அவளுக்கு மெதுவாகத் தமிழில் சொன்னாலும், பதிலை ஆங்கிலத்தில் சொல்லும்போது என் குரல் நீதிமன்றக் குரல். ‘நான் இரண்டு நாள் ஒரே இடத்தில் கிடந்தேன்.’ ‘நான் சுட்டேன்.’ ‘விழுந்ததைப் பார்த்துவிட்டுத்தான் தண்ணீர் குடித்தேன்.’ எல்லாம் கணீரென்ற ஆங்கிலத்தில், திறந்த யன்னல் வழியாகப் போயிருக்கிறது.

யன்னலுக்குக் கீழே கிளாக்கர் ஐயா பூச்சாடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். நாவலப்பிட்டியில் ஏதோ கந்தோரில் கிளாக்கராக இருந்து ஓய்வு பெற்றவர், கீழ்மாடியில் குடியிருக்கிறார். இந்த ஒழுங்கையிலேயே தனக்கு மட்டும்தான் ஆங்கிலம் வரும் என்று நினைப்பு. சொற்கள் விளங்கும் மனிதருக்கு, பெயர்ப்பு என்று ஒரு வேலை இருப்பது மட்டும் விளங்கவில்லை. மறுநாள் காலை படியில் மறித்துக்கொண்டார்.

“டீச்சர், நேத்து படம் புடிக்க தையக்காரி உங்களுக்கு பிளவுஸ் கொண்டாந்தப்பவே நெனச்சேன். எல்லாம் கேட்டுச்சு. நான் சுட்டேன், நான் சுட்டேன்னு உங்க வாயாலேயே சொன்னீங்க. ஆம்பள செஞ்சிருந்தாகூட மனசு ஆறும். ஒரு பொம்பள, அதுவும் படிச்ச பொம்பள...”

சிரிப்பு வந்தது. வாயைத் திறந்தேன். பெயர்த்தேன் என்று ஒரு சொல் சொன்னால் போதும். ஆனால் அடுத்த கேள்வி, யாருக்காக என்பதுதான். அன்றைக்கு என் படியேறிய வெளிப்பெண் தையற்காரி ஒருத்திதான். அவளும் கமராவுக்கு முன் நான் போட்டுக்கொள்ள பிளவுஸ் கொண்டுவந்தாள் என்று இவரே முடிவு கட்டி வைத்திருந்தார். அந்த முட்டாள்தனத்துக்கு முதல்முறையாக நன்றி சொன்னேன், மனதுக்குள்.

“கேட்டது கேட்டதாவே இருக்கட்டும் ஐயா. ஜீரணிக்கலன்னா சுடுதண்ணி குடிங்க” என்றுவிட்டு பஸ்ஸுக்குப் போனேன்.

சாயங்காலத்துக்குள் முழு ஒழுங்கைக்கும் தெரிந்துவிட்டது. கடைக்காரர் மீதிக் காசைக் கையில் தராமல் மேசையில் வைத்தார். முன்பு வாடகைக்காகக் கத்திய வீட்டுச் சொந்தக்காரர் இப்போது தூரத்தில் நின்று சுகம் விசாரிக்கிறார். யுத்தக் கதையைப் பாண் கடையில் மணிக்கணக்காகப் பேசும் வீரர்கள், நான் வந்தால் பேப்பருக்குள் முகத்தைப் புதைக்கிறார்கள். ஆண் சுட்டால் வீரன் அல்லது பாவி, பெண் சுட்டால் பேய் என்பது இவர்களுடைய தராசு. இவர்களின் மரியாதையும் பயமும் எனக்கு ஒரே மாதிரிதான் நாறுகின்றன.

லண்டன்காரன் எடுத்த படம் சில மாதம் கழித்து வந்தது. தையற்காரியின் முகத்தை மறைத்துத்தான் போட்டிருந்தான், அந்த மட்டில் சொல் காப்பாற்றினான். நடுவில் யாரோ ஒரு நடிகை தேயிலைச் செடிகளுக்குள் படுத்து, ஒரு கண்ணை இறுக மூடிக் குறிபார்க்கிறாள். மலையகத்துப் புசல்லாவையில் எடுத்ததாம், வன்னி யுத்தம் அந்தத் தேயிலைக்குள் எப்போது நடந்தது என்று அங்கே பிறந்த எனக்குத் தெரியவில்லை. தூரம் பார்த்துச் சொன்ன அந்தப் பெண்ணின் படம் இன்றுவரை வரவில்லை. இரண்டு தடவை எழுதிக் கேட்டேன், இருதயப் படம் போட்டுப் பதில் அனுப்பினான்.

இவை எதுவும் என்னைச் சுடவில்லை. சுட்டது, கிளாக்கர் படியில் மறித்ததற்கு மூன்றாம் நாள் நடந்தது. மழை. தாயும் மகளும் ஒரே குடையில் என் வாசலுக்கு வந்தார்கள். மகள் பாடப் புத்தகத்தைக் கொண்டுவரவில்லை. தாயின் முகம் வெளுத்திருந்தது. பிள்ளைதான் இழுத்துக்கொண்டு வந்திருக்கிறாள்.

“மிஸ், கிளாக்கர் அங்கிள் சொல்றது உண்மையா? நீங்க ஆளுங்கள சுட்டீங்களா?”

இல்லை என்றால், அப்படியென்றால் யார் என்பாள். நான் படிப்பித்த பிள்ளை, கேட்காமல் விடமாட்டாள். தாய் என்னைப் பார்த்தாள். இமைக்காமல், இரண்டு கண்ணும் திறந்தபடி பார்த்தாள்.

“ஆமா” என்றேன்.

“ஒளிஞ்சிருந்தா?”

“ஆமா.”

பிள்ளையின் உதடு கோணியது. அப்படி ஓர் அருவருப்பை ஒரு குழந்தை முகத்தில் நான் பார்த்ததில்லை. முப்பது வருடம் பிறர் குற்றத்தை ‘நான்’ என்று சொன்னவளுக்கு, அன்றைக்குத்தான் அந்தச் சொல் வலித்தது.

“சீ! உங்க கையால எத்தன நாள் டீ வாங்கிக் குடிச்சிருக்கேன். நெனச்சாலே வாந்தி வருது.”

தாய் ஏதோ சொல்ல வாயெடுத்தாள், நான் தலையை அசைத்துத் தடுத்தேன்.

“வாங்கம்மா, போவோம். இனி இந்த வீட்டுப் பக்கமே வரக்கூடாது” என்று சொல்லிவிட்டு, பிள்ளை அம்மாவின் வலது கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு படியிறங்கிப் போனாள்.