கழுவாமல் கொடு

பிற்பகல் இரண்டரை மணி இருக்கும். கும்மிடிப்பூண்டி போகிற பாசஞ்சர் கவரைப்பேட்டையில் ஊதிவிட்டுக் கிளம்பிய சத்தம் வயலைத் தாண்டிக் கேட்டது. கங்கம்மா கொல்லைக் கிணற்றடியில் உட்கார்ந்து செம்புக் குடத்துக்குப் புளி தேய்த்துக்கொண்டிருந்தாள். வளைகாப்புக்குப் போயிருந்த புருஷன் முனுசாமி தெருவாசல் வழியாக வராமல் வேலியைச் சுற்றிக்கொண்டு வந்தார். தோள் துண்டு கையில் இருந்தது.

"செல்விக்கு வாந்தி, நிக்கவே இல்ல. அது மாமியாரும் எடுத்துகினு கீது. மொதல் பந்தில துன்னவங்க ஏழெட்டுப் பேரு படுத்துட்டாங்க" என்றார்.

"நீ துன்னியா?"

"எங்க துன்றது? ஆம்பளைங்களுக்கு ரெண்டாம் பந்தி. எல போடறதுக்குள்ள கூச்சல் ஆயிடுச்சி."

கங்கம்மா குடத்தைத் தரையில் வைத்தாள். கேட்க வேண்டிய கேள்வி ஒன்று மிச்சமிருந்தது. அதைக் கேட்காமலே இருந்துவிட முடியுமா என்று ஒரு கணம் பார்த்தாள்.

"புளிசோறு எதுல கெளறுனாங்க?"

"எதுலயா? ஒன் தவலைலதான். வேற எவ ஊட்ல அம்மாம் பெரிய ஏனம் கீது?" அந்த நேரத்திலும் முனுசாமியின் குரலில் கொஞ்சம் பெருமை ஒட்டிக்கொண்டிருந்தது.

அது 1972, மாசி மாதத்து வெள்ளிக்கிழமை. நாலு வீடு தள்ளியிருந்த செண்பகத்தின் மகள் செல்விக்கு ஏழாம் மாத வளைகாப்பு. செல்வியின் புருஷன் கும்மிடிப்பூண்டியில் ஒரு இரும்புக் கம்பெனியில் வேலையாக இருந்தான். சம்பந்தி வீட்டார் காலை முதல் வண்டியில் வந்து இறங்கினார்கள். அவர்களுக்காக முந்தின நாள் சாயங்காலமே புளிக்காய்ச்சல் தயாராகிவிட்டது. கங்கம்மா காலையில் போய்ச் செல்விக்கு வளையல் அடுக்கி, கன்னத்தில் சந்தனம் பூசிவிட்டு வந்துவிட்டாள். வெள்ளிக்கிழமை அவள் ஒருபொழுது, பகலில் சாப்பிடுவதில்லை. இருபது வருஷமாக அந்தத் தெருவுக்கே தெரிந்த சங்கதி.

தவலையின் கதையையும் சொல்லிவிட வேண்டும். ஆர்.கே.பேட்டையில் வேர்க்கடலை வியாபாரம் செய்த கங்கம்மாவின் அப்பா, கல்யாணத்தின்போது மூன்று பித்தளைப் பாத்திரங்களை வண்டியில் ஏற்றி அனுப்பினார். அதில் பெரியது இந்தத் தவலை. ஆறு படி அரிசிச் சோறு கொள்ளும். கழுத்துக்குக் கீழே புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டியிருக்கும்: 'ஆர்.கே.பேட்டை கங்கம்மா.' ஊரில் காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கருமாதி எதுவானாலும் தவலை போகும். பாத்திரத்தைப் பார்த்துக்கொள்வதில் அவளுக்குச் சில பிடிவாதங்கள் உண்டு. வெளியே புளியும் செங்கல் பொடியும் போட்டுத் தேய்ப்பாள். உள்ளே ஈயப் பூச்சு இருப்பதால் சலித்த சாம்பலும் ஊறின வைக்கோலும் மட்டுமே. துடைத்து வெயிலில் கவிழ்த்த பிறகுதான் பரணுக்கு ஏற்றுவாள். வருஷம் தவறாமல் பங்குனியில் பொன்னேரியிலிருந்து ஈயக்கார பாய் வந்து, தெருமுனையில் குழி தோண்டித் துருத்தி வைத்து, உட்புறம் முழுவதும் வெள்ளையாகப் பூசிக் கொடுப்பார்.

இரவல் வாங்குகிறவர்களுக்கும் ஒரு முறை இருந்தது. வாங்கினபோது இருந்ததைவிடப் பளபளப்பாகத் தேய்த்து, உள்ளே ஒரு பிடி அரிசி போட்டுத்தான் திருப்பித் தர வேண்டும். அழுக்கோடு தந்தால் வீட்டுப் பெண்களுக்கு இழுக்கு. அந்த வருஷம் தையிலும் மாசியிலுமாகத் தவலை எட்டு வீட்டுக்குப் போய்வந்தது. எட்டு வீட்டுப் பெண்களும் ஒருத்திக்கு ஒருத்தி சளைக்காமல் உள்ளும் புறமும் புளி போட்டுத் தேய்த்துக் கொடுத்தார்கள்.

புதன்கிழமை தவலையைப் பரணிலிருந்து இறக்கியபோது கங்கம்மா உள்ளே பார்த்தாள். அடியில் உள்ளங்கை அகலத்துக்கு ஈயம் போய்ப் பித்தளை மஞ்சளாகத் தெரிந்தது. பங்குனி இன்னும் மூன்று வாரம்தானே என்று நினைத்தாள். புளி வைக்காதே என்று ஒரு வார்த்தை சொல்லிக் கொடுத்துவிடலாம் என்றும் நினைத்தாள். அதற்குள் வாசலில் வந்து நின்ற செண்பகம், "எம்மாடி, ஒன் ஏனம் மட்டும் எப்டி தங்கமாட்டம் கீது" என்றாள். அதைக் கேட்டபிறகு, அடியில் ஈயம் போயிருக்கிறது என்று சொல்ல வாய் வரவில்லை. தயிர்சோற்றுக்கு வாங்கிப்போகிறாளோ என்னவோ என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டாள்.

இப்போது கிணற்றடியிலிருந்து எழுந்து கையைத் துடைத்துக்கொண்டாள். அவள் முனுசாமியிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"வாய மூடிகினு இரு. வவுத்துப் புள்ளக்காரி. ஏதாவது ஒண்ணு ஆச்சின்னா நம்மதான் கொன்னோம்னுவாங்க. ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போயிட்டாங்க. அங்க டாக்டருக்குத் தெரியாதா இன்னான்னு?"

"சொல்லாம அவருக்கு எப்டித் தெரியும்?"

முந்தானையைச் செருகிக்கொண்டு செண்பகம் வீட்டுக்கு நடந்தாள்.

செண்பகம் வீட்டுப் பந்தலில் வாழை இலைகள் எடுக்கப்படாமல் கிடந்தன. செல்வியையும் மாமியாரையும் செங்கல் சூளை லாரியில் பொன்னேரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் அரை மணி ஆகிவிட்டதாம். மற்றவர்கள் உள்ளே பாயில் படுத்திருந்தார்கள். தாழ்வாரத்தில் பெண்கள் ஆளுக்கொன்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். தயிர் கெட்டது என்றாள் ஒருத்தி. சம்பந்தி வீட்டுக் கண் என்றாள் இன்னொருத்தி. எதிர்வீட்டு மணியம்மாளுக்கு எதையும் நேராகச் சொல்லிப் பழக்கமில்லை. தூணைப் பார்த்துப் பேசினாள்.

"ஏனம் குடுத்த மகராசி மட்டும் ஒரு பருக்க வாயில வெக்காம போயிட்டா. அவளுக்கு மட்டும் ஏதோ தெரிஞ்சிருக்குது."

"நான் வெள்ளிக்கிழம துன்றதில்லன்னு ஒனக்குத் தெரியாதா மணிக்கா?"

"தெரியும்மா, தெரியும். சும்மா சொன்னேன்."

சும்மா சொன்ன சொல் முதுகில் ஒட்டிக்கொண்டு கொல்லை வரை கூடவே வந்தது.

தவலை துவைகல்லுக்குப் பக்கத்தில் இருந்தது. பந்திக்கு எடுத்தது போக அடியில் கொஞ்சம் சோறு கிடந்தது. கங்கம்மா அதை ஓரமாக ஒதுக்கிப் பார்த்தாள். புதன்கிழமை உள்ளங்கை அகலமாக இருந்த மஞ்சள், இப்போது தாம்பாளம் அகலத்துக்குப் போயிருந்தது. அதன் விளிம்பில் பாசிபோல ஒரு பச்சை. புளி ராத்திரி பூராவும் அதில் கிடந்திருக்கிறது. பித்தளையில் விஷக் களிம்பு ஏறியிருக்கிறது. விடிந்ததும் அதன் மேலேயே சோற்றைக் கொட்டிக் கிளறியிருக்கிறார்கள்.

கொல்லையில் யாரும் இல்லை. தொட்டியில் தண்ணீர் நிறைய இருந்தது. சாம்பல் சட்டியும் தேங்காய் நாரும் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தன. சோற்றைக் குழியில் தட்டி நாலு தேய்ப்புத் தேய்த்தால் பச்சை போய்விடும். தன் ஏனத்தைத் தானே கழுவி எடுத்துப் போகிறாள் என்றுதான் பார்க்கிறவர்கள் நினைப்பார்கள். கண்ணு பட்டுடுச்சி என்று ஊர் ஒரு வாரம் பேசும், பிறகு மறந்துபோகும். அவள் நாரை எடுத்தாள். தண்ணீரில் நனைத்தும் விட்டாள். காலையில் வளையல் போட்டபோது செல்வியின் கை வீங்கியிருந்ததும், பச்சை வளையல் ஒன்று உள்ளே போகாமல் சிக்கியதும், "மெதுவா அத்த, வலிக்குது" என்று அந்தப் பெண் சிரித்ததும் நினைவுக்கு வந்தன. நாரைத் தொட்டியிலேயே போட்டுவிட்டுத் தவலையைச் சோறோடு தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். பெயர் வெட்டிய பக்கம் உடம்போடு ஒட்டியிருக்கும்படி வைத்தாள்.

கவரைப்பேட்டை ரோடு ஒன்றரை மைல். பஸ்ஸில் கண்டக்டர் தவலையைப் பார்த்து, "இன்னாம்மா, சோத்தக் கெளறிகினே வந்துட்டியா? யாருக்கு விருந்து?" என்றான். இரண்டு பேர் சிரித்தார்கள். அவள் தவலையின் வாயை முந்தானையால் மூடி மடியில் இறுக்கிக்கொண்டாள். பொன்னேரி வருவதற்குள் செல்வியின் உயிர் போயிருக்குமோ, ஆஸ்பத்திரி வாசலிலேயே அழுகைச் சத்தம் கேட்குமோ என்று ஒவ்வொரு நிறுத்தத்திலும் நினைத்துக்கொண்டே வந்தாள். ஆஸ்பத்திரி வாசலை அடைந்தபோது அழுகைச் சத்தம் எதுவும் கேட்கவில்லை. அதுவும் பயமாக இருந்தது.

வார்டு வாசலில் செண்பகம் தரையில் உட்கார்ந்திருந்தாள். லேடி டாக்டர் அவளிடம் என்ன சாப்பிட்டார்கள் என்று மூன்றாம் தடவையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். அவளும் மூன்றாம் தடவையாகச் சோறுங்க, சோறுதாங்க என்று சொல்லிக்கொண்டிருந்தாள். கங்கம்மா தவலையை டாக்டரின் காலடியில் இறக்கி வைத்தாள். பெயர் தெரிகிற பக்கத்தை முன்னால் திருப்பினாள்.

"அம்மா, இதுலதான் புளிய ராத்திரி பூரா வெச்சிருந்தாங்க. ஈயம் போயிடுச்சி. புதன்கெழமையே நான் பாத்தேன். பாத்துட்டுத்தான் குடுத்தேன்."

டாக்டர் குனிந்து பார்த்தார். சோற்றை ஒரு கரண்டியால் தள்ளி, அடியை விரலால் தொட்டு முகர்ந்தார். அப்புறம் வேகமாக உள்ளே போனார். நர்ஸை இரண்டு தடவை கூப்பிடும் குரல் கேட்டது. திரும்பி வெளியே வர ஒரு மணி நேரம் ஆயிற்று.

"வயித்தக் கழுவியாச்சு. வாந்தி குறைஞ்சிருக்கு. குழந்தைக்குத் துடிப்பு இருக்கு. அதுக்கு மேல இப்ப என்னைக் கேக்காதீங்க" என்றார். கங்கம்மாவைப் பார்த்து, "மத்தவங்களையும் உடனே இங்க வரச்சொல்லுங்க" என்றார்.

செண்பகம் அதுவரை கங்கம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை. இப்போது பார்த்தாள்.

"பாத்துட்டா குடுத்த?"

"ஆமா."

செண்பகம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அன்றிலிருந்து அவள் பேசவில்லை.

இரண்டு நாளில் எல்லாரும் வீடு திரும்பினார்கள். செல்வி அம்மா வீட்டிலேயே தங்கினாள். கங்கம்மாவுக்கு மட்டும் அந்த வெள்ளிக்கிழமை முடியவே இல்லை. களிம்பு வயிற்றுப் பிள்ளையை என்ன செய்திருக்கும் என்று டாக்டரே சொல்லாதபோது யார் சொல்ல முடியும்? தினமும் விடிந்ததும் தண்ணீர்க் குடத்தோடு செண்பகம் வீட்டு வழியாகத்தான் போவாள். ஊர்க் குடிதண்ணீர்க் கிணறு இருந்ததோ நேர் எதிர்த் திசையில். அந்த வீட்டு அடுப்பில் புகை எழுந்தால் மூச்சு வரும். பங்குனியில் பாய் வந்து தவலையைப் பார்த்தார். "தேய்ச்சே கொன்னுட்டாங்களேம்மா" என்றார். அந்த வார்த்தைக்கு அவள் நடுங்கிப்போனதற்குக் காரணம் பாய்க்குத் தெரியாது. ஈயம் பூசிப் புதுசாக வந்த தவலையை அவள் பரணில் ஏற்றினாள். யாரும் கேட்டு வரவில்லை.

வைகாசியில் ஒரு நாள் காலை, செண்பகம் தானே வந்து வாசலில் நின்றாள்.

"பொட்டப்புள்ள பொறந்துகீது. வந்து பாரு. கை காலு எல்லாம் கீது. நீயே எண்ணிப் பாத்துக்க."

கங்கம்மா போய்க் குழந்தையின் துணியை விலக்கி, கைவிரல் பத்தையும் கால்விரல் பத்தையும் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். செல்வி படுத்தபடியே, "போதும் அத்த, குளிருது அதுக்கு" என்றாள்.

அதன்பிறகு தவலை மறுபடியும் வீடுகளுக்குப் போக ஆரம்பித்தது. ஆனால் கங்கம்மா முறையை மாற்றிவிட்டாள். திருப்பிக் கொடுக்கும்போது கழுவாமல் கொடுக்க வேண்டும் என்றாள். ஒரு பிடி அரிசியும் வேண்டாம். சோறு ஒட்டியிருந்தால் அப்படியே ஒட்டியிருக்கட்டும், சாம்பல் போட்டுத் தானே தேய்த்துக்கொள்வதாகச் சொன்னாள். முதலில் பெண்கள் முகம் சுளித்தார்கள். நல்ல காரியத்துக்கு வாங்கினதை எச்சிலோடு எப்படித் தருவது என்று கேட்டார்கள். "கழுவுனா அடுத்த தடவ தரமாட்டேன்" என்றாள். மணியம்மாள் தெருமுனையில், "கங்கம்மா ஊட்டு ஏனம் அழுக்கா திரும்பிப் போனாத்தான் அவளுக்குத் தூக்கம் வரும்" என்று சொல்லிச் சிரித்தாள். அதே மணியம்மாள் தன் பேரன் காதுகுத்துக்குத் தவலையை வாங்கி, அடிப்பிடித்த பொங்கலோடு கொண்டுவந்து வைத்தாள்.

இன்னொரு வழக்கத்தையும் கங்கம்மா உண்டாக்கினாள். பாய் வருவதற்குக் காத்திராமல் மாசி பிறந்ததும் தெருவில் உள்ள பித்தளைப் பாத்திரங்களை எல்லாம் தன் கொல்லைக்கு வரவழைப்பாள். காலை வெயிலில் வாயைக் கிழக்கே சாய்த்து வைத்து, உள்ளே கைவிட்டுத் தடவி, அடியையும் மடிப்பையும் பார்ப்பாள். நன்றாக இருந்தால் கழுத்தில் ஒரு சுண்ணாம்புப் பொட்டு. ஈயம் போயிருந்தால் ஒரு பெருக்கல் குறி. குறி போட்ட பாத்திரத்தில் பாய் வரும்வரை தண்ணீர் தவிர எதுவும் வைக்கக்கூடாது. எவர்சில்வர் வந்து பித்தளை குறைந்த பிறகும், இருக்கிற நாலைந்து பாத்திரங்களுக்காக இதைச் செய்தாள். கண் மங்க ஆரம்பித்ததும் விரலை நம்பினாள். வழவழப்பு எங்கே நின்றுபோகிறது என்று விரலுக்குத் தெரியும் என்பாள். ஒரே பாத்திரத்தை இரண்டு மூன்று தடவை பார்ப்பாள். பொட்டு வைத்துவிட்டு, சந்தேகம் வந்து, அழித்துவிட்டுத் திரும்பவும் பார்ப்பாள். போதும் விடு என்று முனுசாமி சொன்னால், "ஒரு தடவ பாத்தும் சும்மா இருந்தேனே" என்பாள்.

1978 மாசி எட்டாம் தேதி காலை பத்து மணிக்கு, கொல்லையில் பாத்திரங்களுக்கு நடுவில் உட்கார்ந்தபடியே கங்கம்மா சாய்ந்து உயிர் விட்டாள். வலது கை ஆட்காட்டி விரலில் சுண்ணாம்பு இருந்தது. அன்று வரிசையில் ஏழு பாத்திரங்கள் இருந்தன. நான்குக்குப் பொட்டு, ஒன்றுக்குப் பெருக்கல் குறி. கடைசியில் இருந்த இரண்டும் செல்வி கும்மிடிப்பூண்டியிலிருந்து எடுத்து வந்தவை. அவற்றில் எந்தக் குறியும் இல்லை.