ஈரக் குங்குமம்

எண்பதுகளில் சுங்கை வே என்ற ஊரில் ஒரு சட்டைத் தொழிற்சாலையில் காலர் தைத்துக்கொண்டிருந்தேன். தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டோடு நின்றவள் நான். ஜப்பானிலிருந்து ஒரு நிபுணர் வந்து எங்களுக்குப் புது மெஷின்களைப் பழக்கினார். நாங்கள் பழகியதும், வங்காளதேசத்திலிருந்து வரும் பெண்களுக்கு நாங்கள் சொல்லிக்கொடுக்க வேண்டும். அரசாங்கங்கள் பேசி முடித்த காரியம் என்றார்கள். எனக்குத் தெரிந்ததெல்லாம், என் பக்கத்து மெஷினில் ஒரு பெண்ணை உட்கார வைத்ததுதான்.

என்னைவிடச் சின்னவள். முக்காட்டை இறுக்கிக் கட்டியிருப்பாள். இங்கே வந்து கற்ற கொஞ்சம் மலாயில்தான் பேசிக்கொள்வோம். அக்கா என்பதற்கு மலாயில் 'காக்' என்பாள். ஊரில் கைக்குழந்தையை அம்மாவிடம் விட்டு வந்திருந்தாள். முழுச் சட்டை ஒன்றைத் தைத்துக் காட்டி நிபுணரிடம் தேறினால், அங்கே திறக்கப்போகும் தொழிற்சாலையில் அவள்தான் லைன் லீடர். தேறாவிட்டால் பழையபடி பொத்தான் தைக்கிற வேலை.

சோதனை ஒரு வெள்ளிக்கிழமை வந்தது. வெள்ளிதோறும் என் மெஷினுக்குப் பொட்டு வைக்காமல் நான் மிதியைத் தொட்டதில்லை. அன்று முதல் பஸ்ஸில் போய், சந்தனமும் குங்குமமும் குழைத்து, அவள் மெஷினிலும் ஊசிக்கு மேலே பெரிதாக ஒரு பொட்டு வைத்தேன். முருகா, இந்தப் பிள்ளையைக் கரை சேர்த்துவிடு என்று வேண்டிக்கொண்டேன். அவளிடம் ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை. நல்லதுதானே செய்கிறோம் என்ற நினைப்பு.

அவள் வந்தாள், பொட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்துச் சிரித்தாள், கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

வெள்ளைச் சட்டை. காலரைத் திருப்பிப் போட்டபோது துணி ஊசிக்கு மேலே இருந்த பொட்டில் உரசியது. எடுத்துப் பார்த்தால் சிவப்பாக ஓர் இழுப்பு. சட்டையைப் பிடுங்கிக்கொண்டு குழாயடிக்கு ஓடிச் சோப்புப் போட்டுத் தேய்த்தேன். மஞ்சளில் செய்த குங்குமம் சோப்புப் பட்டதும் இன்னும் சிவந்து, உள்ளங்கை அகலத்துக்குப் பரவியது.

திரும்பி வந்தபோது நிபுணர் நின்றிருந்தார். பக்கத்தில் எங்கள் லைன் லீடர் அக்கா.

"நான்தான்கா பொட்டு வச்சேன். அவ மேல தப்பில்ல, சொல்லுங்கக்கா" என்றேன்.

"சாமி கும்பிட உனக்கு உன் மெஷின் பத்தலயா? அவ மெஷின்ல என்னடி வேல உனக்கு? இப்ப நம்ம எல்லார் பொட்டுக்கும் வேட்டு வச்சிட்ட லா!"

அக்கா அந்தப் பெண்ணிடமும் மலாயில் கேட்டார்: "ஈரமா இருந்துச்சே, நீ பாக்கலயா?"

"பார்த்தேன். காக் சாமிக்கு வச்சது. நான் எப்படித் துடைப்பேன்?"

என்னால் நிமிர முடியவில்லை. வேறு சாமியைக் கும்பிடுகிறவள், தன் பிழைப்பே அந்தச் சட்டையில் இருக்கிறபோது, என் சாமிக்கு மரியாதை கொடுத்து உட்கார்ந்திருக்கிறாள். நானோ அவளைக் கேட்காமலே அவள் இடத்தில் கை வைத்திருக்கிறேன்.

நிபுணர் தையலைக் கண்ணாடி வைத்துப் பார்த்துத் தலையாட்டினார். ஆனாலும் கறை பட்ட சட்டை கழிவுதான், சாப்பாட்டுக்குப் பிறகு வேறொன்று தைக்கட்டும் என்றார்.

மத்தியானம் அவள் மெஷின் முன் வந்து நின்றாள். உட்காரவில்லை. துடைக்கிற துணியைக் கையில் வைத்துக்கொண்டு, "காக், துடைக்கலாமா?" என்று என்னிடம் கேட்டாள். அவள் மெஷினைத் துடைக்க என்னிடம் கேட்டாள்! துணியை வாங்கி நானே துடைத்தேன். சந்தன வாசம் போகிறவரை துடைத்தேன்.

தேறிவிட்டாள். ஊருக்குப் போகும்போது என் கையைப் பிடித்து, "உங்க சாமி கேட்டுச்சு, காக்" என்றாள். அதுவும் சேர்ந்து உறுத்தியது.

கழிவுச் சட்டைகளைப் புதிதாக வருகிறவர்கள் பார்க்கச் சுவரில் மாட்டுவது எங்கள் வழக்கம். அதையும் மாட்டினார்கள். அடுத்து வந்த வெளிநாட்டுப் பெண்கள் இது என்ன கறை என்று கேட்டால், அக்கா வாயைத் திறக்காமல் என் பக்கம் முகவாயைக் காட்டுவார். நான் குனிந்து தைத்துக்கொண்டிருப்பேன்.

இன்றும் வெள்ளிக்கிழமை குங்குமம் குழைக்கும்போது முதலில் கண்ணில் வருவது சாமி முகம் இல்லை. ஈரத்தைப் பார்த்தும் துடைக்காமல் மடியில் கிடந்த அவள் கைகள்தான்.