பானெட்டில் மூன்று பொட்டு

அருள்தாஸின் காரைக் கிண்டல் பண்ணாத ஆள் உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டில் கிடையாது. காரில் விசேஷம் ஒன்றுமில்லை. யாரோ ஓட்டிச் சலித்து விற்ற வெள்ளை இண்டிகா. விசேஷமெல்லாம் வாங்கினவனிடம்தான். சவாரி இல்லாத நேரத்தில் மற்ற டிரைவர்கள் டீ குடிப்பார்கள், பேப்பர் பார்ப்பார்கள், சீட்டைச் சாய்த்துக் குறட்டை விடுவார்கள். இவன் துடைப்பான். துடைத்த இடத்தையே திரும்பவும் துடைப்பான்.

"யோவ் அருளு, தேச்சித் தேச்சி தகரத்த ஓட்ட பண்ணிடப் போற" என்று அம்பாசடர் ஓட்டும் வேதகிரி குரல் கொடுப்பான். அருள்தாஸ் சிரிப்பான். கை மட்டும் நிற்காது.

நிற்குமா பின்னே? மீசை முளைத்த நாளிலிருந்து அடுத்தவன் வண்டியையே ஓட்டியவன். பெருநகர் காலனியில் சொந்தமாகக் கார் வாங்கிய முதல் ஆள் அவன்தான். கார் வந்த அன்றைக்குச் சர்ச் பாதிரியார் வந்து ஜெபம் பண்ணி, கண்ணாடியில் ஜெபமாலையைத் தன் கையாலேயே மாட்டிவிட்டுப் போனார். காலனியே சுற்றி நின்று தொட்டுத் தொட்டுப் பார்த்தது. அருள்தாஸுக்கு அன்றைக்கு நெஞ்சு கொள்ளவில்லை.

ஆனால் எத்தனை துடைத்தாலும் வெள்ளை வெள்ளையாக இல்லை. அறுப்புக் காலத்தில் நம் பக்கத்து ரோட்டைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். எள்ளுச்செடி, உளுந்துச்செடி எல்லாவற்றையும் தார் ரோட்டில் பரப்பிவிட்டு, போகிற வண்டி மிதித்துக் கொடுக்கட்டும் என்று ஓரமாக நின்றுகொள்வார்கள். சக்கரம் மிதிக்கும், தூசும் கட்டையும் பெயின்ட்டில் கீறும். போதாததற்குப் பாலாற்று மணல் லாரிகள். காரின் நிறம் மெல்ல மெல்ல மோர் நிறத்துக்கு வந்து சேர்ந்தது.

அப்படியிருந்த நேரத்தில்தான் ரைஸ்மில் ராஜாராம் கூப்பிட்டு அனுப்பினார். பெருநகரில் பெரிய தெருக்காரர். அவருடைய அம்மாவைக் கண் வைத்தியத்துக்குக் காஞ்சிபுரம் கூட்டிக்கொண்டு போய் வருவது அருள்தாஸ்தான்.

"அருளு, நம்ம பொண்ணு ஸ்வேதாவோட பொண்ணழைப்புக்கு ஒன் வண்டியே இருக்கட்டும்னு அம்மா சொல்லுது. நீ குலுங்காம ஓட்டறியாம். ஆனா வண்டி இப்பிடி மங்கிப் போய் கீதேப்பா. போட்டோ, வீடியோ எல்லாம் எடுப்பாங்க. பளபளன்னு பண்ணிக்கினு வா. பாத்துட்டு சொல்றேன்."

"பண்ணிட்றேன் மொதலாளி" என்று சொல்லிவிட்டு வந்த அருள்தாஸுக்கு அன்று சோறு இறங்கவில்லை. சந்தோஷத்தில்தான்.

அவனுக்கும் அந்தத் தெருவுக்கும் ஒரு கணக்கு உண்டு. சின்ன வயதில் அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு அந்தத் தெருவின் பின்சந்து வழியாகத்தான் போயிருக்கிறான். அம்மா மாட்டுக்கொட்டகை வாருவாள். முன்பக்கத் தெரு எப்படி இருக்கும் என்றே அப்போது தெரியாது. டிரைவராகிக் காக்கிச்சட்டை போட்ட பிறகு முன்பக்கமாகப் போகாமல் இல்லை. யாரும் தடுக்கவும் இல்லை, காலம் மாறித்தான் இருந்தது. ஆனால் யாரும் அவனைப் பார்த்ததும் இல்லை. டிரைவரை யார் பார்ப்பார்கள்? பெண்ணழைப்பு அப்படியில்லை. முன்னால் மேளம் போகும். வீட்டுக்கு வீடு வாசலில் வந்து நின்று வேடிக்கை பார்ப்பார்கள். பூ ஜோடித்த கார் ஊர்ந்துகொண்டே போகும். அந்தக் கார் தன்னுடையதாக இருக்க வேண்டும், ஸ்டீயரிங்கில் தான் உட்கார்ந்திருக்க வேண்டும். அம்மா செத்துப்போய் வருஷமாகிவிட்டது. இருந்தாலும் ஆசை. ஆசைதான், அதற்கு வேறு பெயர் வைப்பானேன்.

காஞ்சிபுரத்தில் அப்போதுதான் காருக்குக் கோட்டிங் போடுகிற கடைகள் தலைகாட்ட ஆரம்பித்திருந்தன. கலைச்செல்வன் என்கிற பையன் வாட்டர் சர்வீஸ் கடையோடு சேர்த்து டெஃப்லான் கோட்டிங் என்று போர்டு மாட்டியிருந்தான். அருள்தாஸ் போய் விசாரித்தான். கலைச்செல்வன் ஒரு பழைய பானெட்டை எடுத்துப் போட்டான். பாதிக்குக் கோட்டிங் பூசியது, பாதி வெறும் பெயின்ட். மேலே ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றினான். வெறும் பக்கத்தில் தண்ணீர் படிந்து நின்றது. பூசின பக்கத்தில் சேப்பங்கிழங்கு இலை மேல் விழுந்த மாதிரி உருண்டு ஓடிவிட்டது.

"அட!" என்றான் அருள்தாஸ்.

"தூசி ஒட்டாதுண்ணே. வெயிலுக்கு மங்காது. பறவ எச்சம் இருந்தாலும் தொடச்சா வந்துடும். ஆனா ஒண்ணு, நான் பொய் சொல்லி ஏமாத்த மாட்டேன். அடியில இருக்கறத இது சரி பண்ணாது. அடியில இன்னா கீதோ அத அப்பிடியே உள்ள வெச்சி மூடிடும். அதனால மொதல்ல ரப்பிங் போட்டு கறையெல்லாம் எடுத்துடணும். அப்பறம்தான் பூசணும்."

அவன் சொன்ன ரேட்டுக்கு முன்சக்கரம் இரண்டுக்கும் புது டயர் போட்டுவிடலாம். வேதகிரியிடம் சொன்னபோது அவன் தலையில் அடித்துக்கொண்டான். "பவுடர் பூசறதுக்கு இவ்ளோ காசா? போய் டயர மாத்துய்யா." மனைவி ஞானசுந்தரியும் முதலில் அதையேதான் சொன்னாள். பிறகு அவன் முகத்தைப் பார்த்தாள். "அந்தத் தெருவுல போவணும்னு இருக்குது ஒனக்கு. அதுக்குத்தானே? போட்டுக்க. டயரு இன்னும் கொஞ்ச நாள் ஓடும்" என்றாள். அவளிடம் எதையாவது மறைக்க முடியுமா?

திங்கட்கிழமை கோட்டிங் என்று பேசி முடித்தாயிற்று. அந்த வாரம் முழுக்க அருள்தாஸ் ஆளே மாறிப்போனான். காலனிப் பிள்ளைகள் தூசியில் விரலால் பெயர் எழுதினால் எப்போதும் சிரித்துக்கொண்டே துடைப்பவன், இப்போது துரத்தினான். சாய்ந்து நின்று பேசுகிறவர்களை நகரச் சொன்னான். "ரொம்பத்தான் பண்ணிக்கினு கீற" என்று ஞானசுந்தரி முனகினாள். அவன் காதில் வாங்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை அங்கம்மாள் பஸ் ஸ்டாண்டுக்கு வந்தாள். காவாந்தண்டலம் ஏரிக்கரையில் இருக்கிற இருளர் குடிசைகளில் ஒன்று அவளுடையது. களை எடுக்க, நாற்று நட என்று கூலிக்குப் போகிறவள். அவள் தங்கை பவளத்துக்கு உத்திரமேரூர் ஆஸ்பத்திரியில் குழந்தை பிறந்திருந்தது. முன்னால் இரண்டு தரம் தங்காமல் போய், இது தங்கிய குழந்தை.

"பஸ்ஸுல இட்டுக்கினு போவ பயமா கீதுண்ணா. நாங்கெல்லாம் சேந்து வாடகை குடுத்துடறோம். கார்லயே கொண்டாந்து வுட்டுடு."

"ஏறும்மா" என்றான். குழந்தைக்கு வெயில் படாமல் ஜன்னலில் துண்டைக் கட்டினான். ஏரிக்கரை மேட்டில் கார் குலுங்காமல் மாட்டுவண்டி வேகத்தில் ஓட்டினான். அதிலெல்லாம் குறையே சொல்ல முடியாது.

குடிசைகள் முன்னால் கார் நின்றதும் ஜனம் கூடிவிட்டது. கார் அந்தக் கரைக்கு வந்ததே அதுதான் முதல் தடவை. ஆரத்தித் தட்டு தயாராக இருந்தது. மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்த செக்கச்செவேல் தண்ணீர். அங்கம்மாள் வாங்கிப் பவளத்துக்கும் குழந்தைக்கும் சுற்றினாள். பவளத்தின் நெற்றியில் பொட்டு வைத்தாள், குழந்தையின் உள்ளங்காலில் வைத்தாள். தண்ணீரை ஊற்றப் போனவளுக்கு என்ன தோன்றியதோ, திரும்பிக் காரைப் பார்த்தாள். பிள்ளையை வீடு சேர்த்த வண்டியல்லவா? விரலை ஆரத்தியில் தோய்த்துக்கொண்டு பானெட்டுப் பக்கம் வந்தாள்.

சுண்ணாம்பு பெயின்ட்டைத் தின்றுவிடும் என்பது டிரைவருக்குத் தெரியாதா?

"ஏய்! தொடாத! கைய எடு!"

இத்தனை சத்தம் தனக்குள் இருக்கும் என்று அருள்தாஸே நினைத்ததில்லை. குழந்தை வீறிட்டது.

அங்கம்மாள் கையை இழுத்துக்கொண்டாள். தட்டை மார்போடு அணைத்து, உடம்பைக் குறுக்கி, காரை விட்டு ஒதுங்கி ஓரமாகப் போய் நின்றாள். "தெரியாம வந்துட்டேன் சாமி" என்றாள்.

கொஞ்சம் முன்னால் வரைக்கும் அண்ணா என்று கூப்பிட்டவள்.

அந்த ஒதுங்கலை அருள்தாஸ் பார்த்திருக்கிறான். பின்சந்தில் யாராவது எதிரே வந்தால் அம்மா சாணிக்கூடையை இப்படித்தான் மார்போடு அணைப்பாள், இப்படித்தான் சுவரோரம் குறுகுவாள், இதே சாமியைத்தான் சொல்லுவாள். பக்கத்தில் நின்ற அவனையும் இழுத்து ஒதுக்கிக்கொள்வாள். நாம வேதக்காரங்க, பொட்டு வைக்கற பழக்கமில்லை என்று சொல்லித் தப்பிக்கலாமா என்று ஒரு நொடி தோன்றியது. சீ என்று இருந்தது. வெட்கம் பிடுங்கித் தின்றது.

"அங்கம்மா" என்றான். "நான் சாமி இல்ல. தப்பா கத்திட்டேன். வந்து வெய்ம்மா."

"வேணாங்க. வண்டி பாழாயிடும்."

"ஆவட்டும். புள்ளய கொண்டாந்த வண்டி. நீ வெச்சாதான் நான் கெளம்புவேன்."

அவள் நகரவில்லை. பவளம்தான், "போக்கா, அண்ணன் கூப்புடுதில்ல" என்றாள். அங்கம்மாள் வந்தாள். தொட்டும் தொடாமலும் ஒரு புள்ளி வைத்தாள். "நல்லா பெருசா வெய்" என்றான் அருள்தாஸ். மூன்று பொட்டு வைத்தாள், வரிசையாக.

கரையில் அவள் பார்த்துக்கொண்டு நிற்கும்போது எப்படித் துடைப்பது? அப்படியே கிளம்பினான். வழியில் பழையசீவரத்துக்கு ஒரு சவாரி கிடைத்தது, மலைக்கோயிலுக்குப் போகிறவர்கள். அடிவாரத்தில் பகல் முழுக்கக் கார் வெயிலில் கிடந்தது. சாயங்காலம் துடைத்துப் பார்த்தான். சிவப்பு போனது. பொட்டு போகவில்லை. வெள்ளை பெயின்ட்டில் மூன்று காவி வட்டங்கள் ஊறி நின்றன.

ஞாயிற்றுக்கிழமை ராஜாராம் பஸ் ஸ்டாண்டுக்கே வந்து பார்த்தார். "இன்னாப்பா இது அசிங்கமா?" என்று வட்டத்தைச் சுரண்டினார்.

"காவாந்தண்டலத்துல அங்கம்மான்னு, இருளர் பொம்பள, கொழந்தைக்கு ஆரத்தி எடுத்துட்டு வெச்சிது மொதலாளி."

அவர் விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டார். "அவங்கள எதுக்கு வண்டியாண்ட வுட்ற? நாளைக்குக் கோட்டிங் போடறல்ல, இத சுத்தமா எடுத்துட்டு வா. எடுத்தாதான் நம்ம வூட்டுக் கல்யாணத்துக்கு. இல்லேன்னா காஞ்சிபுரத்துலேர்ந்து வேற வண்டி சொல்லிடுவேன்."

அருள்தாஸ் தலையை ஆட்டினான். பொய் சொல்வானேன், எடுத்துவிடலாம் என்றுதான் நினைத்தான். பொட்டு வைத்தாயிற்று, அவள் மனசும் குளிர்ந்தாயிற்று, இனி எடுத்தால் யாருக்கு நஷ்டம்? ராத்திரி படுக்கும்வரை அதே நினைப்புத்தான். ஆனால் அவர் வேட்டியில் விரலைத் துடைத்தது கண்ணை விட்டுப் போகவில்லை.

திங்கட்கிழமை கலைச்செல்வன் காரைக் கழுவி நிறுத்தினான். ரப்பிங் பேஸ்ட்டை எடுத்துக்கொண்டு நேரே பானெட்டுக்கு வந்தான். "இதாண்ணே மோசமான எடம். ஆழமா எறங்கல. கொஞ்சம் தேச்சா போயிடும்."

"இரு" என்றான் அருள்தாஸ். "அத வுட்டுடு. மத்ததெல்லாம் தேய்."

"வுட்டுட்டு பூசினா உள்ளயே மாட்டிக்கும்ணே. அப்பறம் எத்தினி தொடச்சாலும் போவாது."

"போவாதுல்ல?"

"போவாது."

"அப்ப மேலயே பூசு."

கலைச்செல்வன் அவனை ஏற இறங்கப் பார்த்தான். இந்த ஆளுக்கு என்ன பேஜாரோ என்று நினைத்திருக்க வேண்டும். ஆனாலும் நல்ல வேலைக்காரன், சொன்னபடியே செய்தான்.

கார் வீட்டுக்கு வந்தபோது பாலாக மின்னியது. ஞானசுந்தரி ஒரு சொம்புத் தண்ணீரைக் கொண்டுவந்து பானெட்டில் ஊற்றிப் பார்த்தாள். தண்ணீர் உருண்டு ஓடியது. மூன்று வட்டமும் பளிச்சென்று தெரிந்தன.

"கல்யாணம்?" என்றாள்.

"வர்ற வழியில மொதலாளிகிட்ட காட்டிட்டேன். வேற வண்டி சொல்லிட்டாரு."

"வருத்தமா கீதா?"

"கீது" என்றான். இருந்தது. கல்யாணத்தன்று மேளச்சத்தம் காலனிவரை கேட்டபோது இன்னும் கூடுதலாக இருந்தது. அம்மாவை நினைத்துக்கொண்டு பின்கட்டில் போய்க் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தான்.

அறுப்பு முடிகிற சமயம் ஒரு நாள், அங்கம்மாள் குழந்தைக்கு ஊசி போடப் பவளத்தைக் கூட்டிக்கொண்டு உத்திரமேரூர் பஸ்ஸில் வந்து இறங்கினாள். காரைக் கண்டதும் எட்டவே நின்றுவிட்டாள். அருள்தாஸ் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் மறுபடி சாமி என்பாளோ என்று பயம். துடைக்கிற துணியைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா நின்றான்.

அவள் கண் பானெட்டுக்குப் போனது. அங்கேயே நின்றது. இன்னுமா இருக்கிறது என்பதுபோல மெல்ல வந்தாள். அவனைக் கேட்கவில்லை. நடு வட்டத்தின் மேல் ஆள்காட்டி விரலை வைத்துத் தேய்த்துப் பார்த்தாள். பிறகு உள்ளங்கை முழுவதையும் பானெட்டின் மேல் பதித்தாள்.

"போவலியேண்ணா" என்றாள்.

"போவாதும்மா" என்றான் அருள்தாஸ்.