மாதம்மாளின் ஆர்.பி. ஆயில்

கையுறையை மாட்டிக்கொண்ட பிறகுதான் மாதம்மாள் கியரைத் தொடுவாள். "வா கண்ணு, குளிக்கலாம்" என்று ஒன்றை எடுத்து, ஒவ்வொரு பல்லின் மீதும் விரலை ஓட்டி, சுற்றிச் சுற்றிப் பார்ப்பாள். பிசிறு இல்லையென்றால் எண்ணெய்த் தொட்டியில் ஒரு முக்கு. துருப்பிடிக்காமல் இருக்கப் போடும் அந்த எண்ணெயை ஓசூர்த் தொழிற்சாலைகளில் ஆர்.பி. ஆயில் என்பார்கள். வடியவிட்டு, மெழுகுத்தாளில் சுற்றிப் பெட்டியில் அடுக்கிவிட்டால் அவள் வேலை முடிந்தது.

யாராவது வெறுங்கையால் தொட்டுவிட்டால் போச்சு. "யாரு அது, வேர்வக் கையோட? நாளைக்கு கியரு மேல உங்க வெரலு அஞ்சும் துருவா எந்திரிச்சு நிக்கும், பாருங்க!" மேனேஜர் என்றும் பார்க்கமாட்டாள். பாகலூர்ப் பனியில் பஸ்ஸுக்கு நின்று வருகிறவள். ஈரம் இரும்பை என்ன செய்யும் என்று அவளுக்குத் தெரியும். கோபம் முற்றினால் தமிழில் தொடங்கிக் கன்னடத்தில் முடிப்பாள்.

சர்க்கரை நோய் என்று தெரிந்தபோது, டாக்டரம்மா அவளுக்குப் புரிகிற மாதிரி சொல்ல நினைத்தார்.

"சர்க்கரை ஏறினா உடம்பு உள்ளுக்குள்ள துருப்பிடிக்கிற மாதிரிம்மா. நரம்பு, கிட்னி எல்லாத்தையும் அரிக்கும். இந்த மாத்திரை சர்க்கரையைக் குறைக்கும். அந்தத் துருவையும் கொஞ்சம் தடுக்குதுன்னு இப்ப ஆராய்ச்சியில சொல்றாங்க. விடாம சாப்பிடணும்."

மாதம்மாளின் முகம் மலர்ந்துவிட்டது. "அப்போ இது நம்ம ஆர்.பி. ஆயிலுதாங்க!"

பாவம், டாக்டரம்மாவும் சேர்ந்து சிரித்தார்.

வினை அங்கேதான் பிடித்தது. மாதம்மாளின் தொழிலில் ஒரு கியரை ஒரு முறைதான் முக்குவார்கள். சுற்றிய தாளைப் பிரித்து யாரும் மறுபடி எண்ணெய் போடுவதில்லை. கப்பலேறிப் போகிற கியருக்கே ஒரு முக்கு போதும். அவளும் கொடுத்த மாத்திரைகளை ஒழுங்காகத் தின்று தீர்த்தாள். மயக்கம் நின்றது, தாகம் அடங்கியது. "எண்ணெ புடிச்சிருச்சு" என்று நிறுத்திவிட்டாள். கணவர் நாராயணப்பன் ஏன் என்று கேட்டார். "முக்குனதையே முக்கிக்கிட்டு இருந்தா எப்பத்தான் பேக்கிங் பண்றது?" என்று அவர் வாயை அடைத்தாள்.

அடுத்த மழைக்காலத்தில் ஒரு நாள், தொட்டியருகே எண்ணெய்க் கறையோடு சிவப்பாக ஏதோ படிந்திருப்பதை சூப்பர்வைசர் முனிவேல் கண்டார்.

"அக்கா, உங்க கால்ல ரத்தம்!"

லேத் மெஷினிலிருந்து விழுந்த இரும்புச் சுருள் ஒன்று செருப்பைத் துளைத்து விரலில் ஏறியிருந்தது. மாதம்மாள் குனிந்து பார்த்தாள். "ஒண்ணுமே தெரியலயே, முனிவேலு" என்றாள். புண் ஆறவில்லை, கறுத்தது. விரலை எடுத்தால் பாதம் மிஞ்சும் என்றார்கள் ஆஸ்பத்திரியில். எடுத்தார்கள்.

நிறுத்திய காரணத்தை அப்போதுதான் டாக்டரம்மாவிடம் சொன்னாள். அவர் நாற்காலியை அவளருகே இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பிறகு, "கியரு பெட்டிக்குள்ள சும்மா கிடக்கும்மா. நீங்க தினம் சாப்பிடுறீங்க, தினம் உழைக்கிறீங்க. தினமும் முக்கணும். காலு இனிமே வலிச்சுக் காட்டாது, நீங்கதான் கண்ணால பார்த்துக்கணும்" என்றார்.

"இத நான் அன்னைக்கே ஒரு வார்த்த கேட்டிருந்தா வெரலு இருந்திருக்கும், இல்லீங்களா?"

மாதம்மாள் இப்படிக் கேட்டதும், டாக்டரம்மா சீட்டை எடுத்து மாத்திரையின் பேருக்குப் பக்கத்தில் 'தினமும்' என்று பெரிதாக எழுதினார்.

மாதம்மாள் வேலைக்குத் திரும்பிவிட்டாள். அதட்டல் குறைந்திருக்கிறது. மிச்சமிருக்கும் விரல்கள் மிஞ்ச வேண்டும், இரண்டு காலால் நடந்து பஸ் ஏற வேண்டும் என்பதுதான் இப்போது அவள் கவலையெல்லாம்.

சாப்பாட்டு மணி அடித்ததும் கையுறையைக் கழற்றி, சோப்புப் போட்டுக் கழுவுகிறாள். களியைத் தின்று மாத்திரையை விழுங்குகிறாள். பிறகு பாதத்தை மடியில் தூக்கி வைத்து, வெளிச்சத்தின் பக்கம் திருப்பி, கியரின் பல்லைத் தடவுவதுபோல ஒவ்வொரு விரலாகத் தடவிப் பார்க்கிறாள். வெற்றிடம் வந்ததும் கை சற்று நிற்கிறது. பிறகு அடுத்த விரலுக்குப் போகிறது.