பார்சிப்பனிக் குதிரை நிலையம்

நியூ ஜெர்சியின் வரலாற்றை எழுதப்போகிறவர்கள் பசுபதியை விட்டுவிடுவார்கள் என்பதில் சந்தேகமே இல்லை. அந்த அநியாயம் நடக்கக் கூடாதென்றுதான் இதை எழுதிவைக்க வேண்டியிருக்கிறது.

பழைய ஜப்பானின் மாகாண நிர்வாகத்தையும் அரசாங்கச் சாலைகளையும் ஆராய்ந்து டாக்டர் பட்டம் வாங்க அமெரிக்கா வந்தவர் பசுபதி. சில வருஷங்களில் பல்கலைக்கழகம் அந்தச் சாலைகள் மீது இருந்த அக்கறை தீர்ந்துபோய், உதவித்தொகையை நிறுத்திவிட்டது. அப்போது கைகொடுத்தவர் வெங்கடகிருஷ்ணன். ஊரிலிருந்து கம்ப்யூட்டர் படித்த பையன்களைக் கூட்டிவந்து கம்பெனிகளுக்கு வாடகைக்கு விடுவது அவர் தொழில். காகிதத்தில் பசுபதியை சிஸ்டம்ஸ் அனலிஸ்ட் ஆக்கி, கிரீன் கார்டுக்கும் போட்டுவிட்டார். நிஜத்தில் பசுபதிக்கு வேலை, பையன்கள் தங்கும் கெஸ்ட் ஹவுஸ்களைப் பார்த்துக்கொள்வதும் வேன் ஓட்டுவதும். பார்சிப்பனியில் ஒன்று, ஜெர்சி சிட்டியில் ஒன்று, மான்மவுத் ஜங்ஷனில் ஒன்று. மற்றவர்கள் அவற்றை அபார்ட்மெண்ட் என்றார்கள். பசுபதிக்கு அவை மாகாணங்கள்.

பையன்கள் தோசை சாப்பிட எடிசனுக்கும், காசைத் தொலைக்க அட்லாண்டிக் சிட்டிக்கும் வேனை எடுத்துக்கொண்டு போவதாக முதலாளி ஒருநாள் குதித்தபோது, பசுபதியின் படிப்புக்கு வேளை வந்தது.

“சார், ஆயிரத்து இருநூறு வருஷம் முன்னாடியே ஜப்பான்ல இதுக்கு சிஸ்டம் இருந்தது. தலைநகர்லேர்ந்து ஏழு பெரிய ரோடு. வழி நெடுக ஸ்டேஷன், ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் குதிரை. ஆனா கவர்மென்ட் குடுத்த வெண்கல மணி கையில இருந்தாத்தான் குதிரை. மணியில எத்தனை வெட்டு இருக்கோ அத்தனை குதிரை.”

“மணிக்கு நான் எங்கேய்யா போவேன்?”

“என்கிட்ட பீப்பர் இருக்கு சார், அதான் பேஜர். நீங்க நம்பர் அனுப்புங்க. நம்பர் எத்தனையோ அத்தனை பேரை ஏத்துவேன். பீப்பர் அடிக்கலன்னா வேன் நகராது.”

முதலாளிக்குப் பிடித்துப்போயிற்று. அடுத்த மாதமே பீப்பர் அடிக்காமல் பால் வாங்க வேனை எடுத்த முதல் குற்றவாளி பசுபதிதான். “உன் கிரீன் கார்டு ஃபைல் என் டேபிள்லதான் இருக்கு, ஞாபகம் வெச்சுக்கோ” என்று முதலாளி சொன்னார். பசுபதி அதை மறக்கவே இல்லை. பழைய ஜப்பானிலும் மணியில்லாமல் குதிரை எடுத்தவனுக்குத் தண்டனை உண்டு என்பதில் அவருக்கு ஓர் ஆறுதலும் இருந்தது.

தொண்ணூற்றெட்டு டிசம்பரில் ஒரு சனிக்கிழமை. பார்சிப்பனி கெஸ்ட் ஹவுஸில் கிரீஷ் காலையிலிருந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்தான். கரூர்ப் பையன். வந்த நாளாய் பெஞ்சில், அதாவது ப்ராஜெக்ட் கிடைக்காமல் காத்திருப்பில் இருந்தான். பெஞ்சில் இருப்பவனுக்குச் சம்பளம் கிடையாது, இன்சூரன்ஸும் கிடையாது. அறைத்தோழன் அனந்தராமன் ஓமத்தண்ணீர் கொடுத்தான். வெந்தயத்தை மோரில் போட்டுக் கொடுத்தான். எல்லாம் வெளியே வந்தது. பசுபதி பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

“நைன் ஒன் ஒன் கூப்பிடட்டுமாடா?”

“வேணாண்டா. ஆம்புலன்ஸ் பில்லைக் கட்ட எங்கப்பா தோட்டத்தைத்தான் விக்கணும். அங்கிள், நீங்க வேன்ல கொண்டுபோய் ஆஸ்பத்திரி வாசல்ல விட்டுடுங்க. அது போதும்.”

பசுபதி முதலாளிக்குப் போன் போட்டார். அன்று முதலாளி மகளுக்கு அரங்கேற்றம். போன் அணைந்து கிடந்தது. மறுபடி போட்டார். மெசேஜ் வைத்தார்.

“அங்கிள், ரூட் ஃபார்ட்டி சிக்ஸ்ல பத்து நிமிஷம். யாருக்கும் தெரியாது” என்றான் அனந்தராமன்.

“மைல் மீட்டர் பார்ப்பார்ப்பா.”

“பார்க்கட்டுமே! உங்களுக்குக் கார்டு பெரிசா, இவன் பெரிசா?”

“அப்படிக் கேக்காதே. சார் இப்ப கூப்பிடுவார்.”

பசுபதி யோசிக்காமல் இருந்தார் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. நன்றாகவே யோசித்தார். கலகம், கொள்ளைநோய் போன்ற அவசரங்களுக்குப் பழைய ஜப்பானிலும் தனி ஏற்பாடு உண்டு. ராப்பகலாய்க் குதிரை பறக்கும். கிரீஷின் வயிற்றில் கலகம் நடந்தது வாஸ்தவம். ஆனால் அதை ராஜாங்கத்துக்கு விரோதமான கலகம் என்று கொள்ள முடியுமா? வேன் சாவி சட்டைப்பையில் இருந்தது. அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

சாயங்காலம் வலி சட்டென்று நின்றது.

“போயிடுச்சு அங்கிள்” என்றான் கிரீஷ், நம்பமுடியாமல். முகம் வேர்த்து வெளுத்திருந்தாலும் சிரித்தான். அனந்தராமன் ரசம் வைத்தான். “பார்த்தியா, வெறும் வாயு. இதுக்குப் போய் என்னைக் கொலைகாரன் மாதிரி பேசின” என்று பசுபதி செல்லமாகக் கோபித்துக்கொண்டார். நிர்வாகம் தன்னை நிரூபித்துவிட்டது என்றே நினைத்தார்.

குடல்வால் உள்ளே வெடித்தால் வலி கொஞ்ச நேரம் அப்படி நின்று ஏமாற்றும் என்பதை மறுநாள் ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா விளக்கினார். விடிந்தபோது கிரீஷின் வயிறு பலகையாய் இறுகி, உடம்பு அனலாய்க் கொதிக்க, யாரையும் கேட்காமல் அனந்தராமன்தான் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டிருந்தான். சீழ் ரத்தத்தில் கலந்துவிட்டது. செவ்வாய்க்கிழமை கிரீஷ் இறந்துபோனான்.

அனந்தராமனுக்கு அந்த வாரமே டெக்ஸஸில் ப்ராஜெக்ட் கிடைத்தது. அத்தனை நாள் கிடைக்காதது எப்படி ஒரே நாளில் கிடைத்தது என்று அவன் கேட்கவில்லை. பசுபதியின் முகத்தைப் பார்க்காமலே பெட்டியை எடுத்துக்கொண்டு போனான்.

முதலாளி பசுபதியை ஆபீசுக்குக் கூப்பிட்டுத் தோளில் தட்டினார்.

“நீ ப்ரொசீஜரை ஃபாலோ பண்ணின. உன்மேல எந்தத் தப்பும் இல்ல. உன் ஃபைலை நாளைக்கே மூவ் பண்றேன். அந்தப் பையனோட அப்பாகிட்ட மட்டும் நீயே பேசிடு. நீதானே கூட இருந்த.”

பசுபதி கரூருக்குப் போன் போட்டார். செய்தியைச் சொன்னார். பிறகு ஒரு கிழக்குரல், மரியாதை குறையாமல் கேட்டது.

“ஏனுங்க தம்பி, அங்கெல்லாம் ரோடு நல்லா இருக்குமுன்னு சொல்லுவாங்களே. ஆஸ்பத்திரி ரொம்பத் தொலைவுங்களா?”

“ஆமாங்க” என்றார் பசுபதி. “ரொம்பத் தொலைவு.”