சுழிக்குக் கீழே ஒரு புள்ளி

இப்போதும் கண்ணை மூடினால் முதலில் தெரிவது அந்த வரைபடத் தாள்தான். வெளிர்பச்சைக் கட்டங்களின் மேல் பென்சிலால் வைத்த ஆறு புள்ளிகள். ஐந்து ஒரே நேர்கோட்டில் ஏறிக்கொண்டு போக, ஆறாவது மட்டும் கோட்டை விட்டுக் கீழே இறங்கித் தனியாக நின்றது. கடற்கரைப் பக்கமிருந்து வந்த காற்றில் தாளின் ஓரம் படபடத்தது. என் ஆய்வகத் தோழி அதை உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, அந்த ஒற்றைப் புள்ளியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வேதியியல் பட்டப்படிப்பில் வரிசை எண்படி ஜோடி பிரித்தபோது எனக்கு வாய்த்தவள் அவள். எங்கள் வீடு மயிலாப்பூரில், கோயில் குளத்துக்குப் பக்கத்துத் தெரு. அவள் வீடு சாந்தோம் கரையோரக் குப்பத்தில். அவள் அம்மா மீன் விற்பவர். நடந்தால் இருபது நிமிடம். ஆனால் மூன்று வருடத்தில் ஒரு தடவைகூட நான் அந்தப் பக்கம் போனதில்லை, அவளை வீட்டுக்கு அழைத்ததுமில்லை. ஆய்வகத்துக்குள் மட்டும் நாங்கள் இணைபிரியாதவர்கள். மதிய வெயில் கண்ணாடிக் குடுவைகளில் விழுந்து மேசையெல்லாம் மஞ்சள் வட்டங்களாக அசையும். அவள் அளவைச் சொல்ல, நான் எழுதுவேன். எத்தனையோ பிற்பகல்கள் அப்படித்தான் கழிந்தன.

அன்றைய சோதனை எளிமையானது. மெல்லிய கண்ணாடிக் குழாயில் ஒரு பாதரசத் துளிக்கு அடியில் கொஞ்சம் காற்று அடைபட்டிருக்கும். குழாயை நீரில் நிறுத்திச் சூடாக்கினால் காற்று விரிந்து துளியை மேலே தள்ளும். குளிர்ந்தால் துளி இறங்கும். வெப்பநிலையைக் கிடையாகவும் காற்றின் கன அளவைச் செங்குத்தாகவும் குறித்தால் நேர்கோடு வரவேண்டும். குளிர்ந்த முனைக்கு ஐஸ் தேவை. கல்லூரி ஃப்ரிட்ஜ் பழுதாகிக் கிடந்ததால் அவள் ஒரு மூடி போட்ட வாளியில் கொண்டுவந்தாள். அம்மாவின் மீன் பெட்டிக்கு வாங்கிய ஐஸ். திறந்ததும் வாடை வந்தது. பக்கத்து மேசைப் பெண்கள் மூக்கைச் சுளித்தார்கள். செய்முறை ஆசிரியர் நின்று, "ஐஸ் எங்கேர்ந்து?" என்றார். அவள் வாயைத் திறக்கும் முன்பே, "ஜூஸ் கடையிலேர்ந்து சார்" என்றேன். அவள் என்னை ஒரு கணம் பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டாள்.

எங்கள் வெப்பமானியில் சுழி டிகிரிக்குக் கீழிருந்த கோடுகள் தேய்ந்துபோயிருந்தன. பாதரசம் சுழியைத் தாண்டி அந்தத் தேய்ந்த இடத்துக்குள் இறங்கியிருந்தது. ஐஸ் என்றால் சுழி டிகிரிதானே என்று நான் சுழியையே எழுதினேன். அதனால்தான் அந்த ஆறாவது புள்ளி வழி தவறி நின்றது.

பதிவேட்டில் கையெழுத்து வாங்க அன்றுதான் கடைசி நாள். கையெழுத்து இல்லாவிட்டால் செய்முறைத் தேர்வு எழுத முடியாது. ஆசிரியர் தாளைப் பார்த்துவிட்டு, "அந்தப் புள்ளியை அழிச்சிட்டுக் கோட்டு மேல வைங்க. போட்டுடறேன்" என்றார். நான் ரப்பரை எடுத்தேன். அவள் என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"இருடி. காத்து கரெக்டாதான் சுருங்கிகீது. நாமதான் தப்பா எழுதிகீறோம்."

அவள் கோட்டைச் சுழியைத் தாண்டி இடதுபுறமாகப் புள்ளிக்கோடாக நீட்டினாள். ஆறாவது புள்ளியின் உயரத்திலேயே ஸ்கேலை இடப்பக்கம் நகர்த்தி, நீட்டிய கோட்டை வெட்டும் இடத்திலிருந்து நேரே கீழே இறங்கினாள். மைனஸ் எட்டு. அதைப் பார்த்ததும் எனக்கும் புரிந்துவிட்டது. ஐஸில் உப்பு கலந்திருக்கிறது. உப்பு கலந்தால் குளிர் சுழிக்கும் கீழே போகும். ஜூஸ் கடையில் யாரும் ஐஸுக்கு உப்பு போடுவதில்லை. அவள் என் முகத்தைப் பார்த்துக் காத்திருந்தாள். நான் சொல்லவேண்டியதை நான் சொல்வதற்காக. நான் குழாயடித் தொட்டியில் சொட்டிய தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"மீன் பெட்டி ஐஸ் சார்," என்றாள் கடைசியில். ஆய்வகம் முழுக்கக் கேட்டது. "எங்கம்மா யாவாரத்துக்கு வாங்கினது. உப்பு போட்டுகீது. சுழி இல்ல, மைனஸ் எட்டு."

ஆசிரியர் இயற்பியல் துறைக்குப் போய் வேறொரு வெப்பமானி எடுத்துவந்தார். வாளியில் மிச்சமிருந்த ஐஸில் அதைச் செருகினார். சிவப்புக் கோடு மெதுவாக இறங்கி இறங்கி, ஏழரைக்கும் எட்டுக்கும் நடுவே நின்றது. அவர் முகத்தில் சிரிப்பு பரவியது. இரண்டு பதிவேடுகளிலும் கையெழுத்துப் போட்டார். எனக்கும் சேர்த்து.

பேருந்து நிறுத்தத்தில் அவள் கேட்டாள்: "ஏன்டி ஜூஸ் கடைன்னே?"

"எங்காத்துல தெரிஞ்சா..." என்று இழுத்தேன். வந்து நின்ற பேருந்தில் அவள் ஏறிப் போய்விட்டாள்.

அன்று மாலை கனவில் நடப்பதுபோலக் குளத்தைச் சுற்றிச் சுற்றி வந்தேன். படிகளில் இறங்கிய வெளிச்சம் தண்ணீரில் கரைந்துகொண்டிருந்தது. வீட்டுக்குப் போனதும் துணிந்து அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மீன் ஐஸை வைத்துக்கொண்டு சோதனை செய்ததை, நான் சொன்ன பொய்யை. அப்பா பேப்பரை மடித்து வைத்தார்.

"அந்தப் பொண்ணு கோட்டை வெச்சுண்டே உப்பைக் கண்டுபிடிச்சுட்டாளா?" என்றார். "ஒருநாள் ஆத்துக்கு அழைச்சுண்டு வாயேன்."

அவ்வளவுதான். மூன்று வருடமாக நான் பயந்தது எதற்கு என்று எனக்கே விளங்கவில்லை.

இன்று அவள் ஒரு நீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறாள். குப்பத்தில் அவர்கள் இருந்த வரிசை வீடுகளை இடித்தபோது நகரத்துக்கு வெளியே அடுக்குமாடியில் இடம் கொடுத்தார்கள். அங்கிருந்து அடையாறில் இருக்கும் அந்தக் கூடத்துக்கு வர ஒன்றரை மணி நேரம் ஆகிறது. பேருந்தில் ஜன்னலோரம் கிடைத்தால் எனக்கு போன் செய்வாள். பேச்சு எங்கெங்கோ போகும். அந்த நாளைப் பற்றி மட்டும் நாங்கள் பேசுவதில்லை. பேசவேண்டியதை மறுநாளே பேசி முடித்துவிட்டோம்.

அந்த மறுநாள் காலை, செய்முறைத் தேர்வுக்குப் பயிற்சி செய்ய ஆய்வகத்துக்கு வந்தபோது, அப்பா சொன்னதை அவளிடம் அப்படியே சொன்னேன். அவள் குடுவையைக் கழுவிக்கொண்டே கேட்டுவிட்டுச் சொன்னாள்:

"அப்போ கூச்சப்பட்டது உங்க வீடு இல்ல. நீதான்."

"ஆமா. நான்தான்" என்றேன்.

அவள் குடுவையைக் கவிழ்த்து வைத்தாள். ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு, ஸ்டூலை எனக்கு நகர்த்திப் போட்டாள்.

"உக்காரு. இன்னிக்கு ரீடிங் நீ சொல்லு, நான் எழுதறேன்."