பக்கத்துக் கதிரை டொக்டர்

டொக்டரின் கதிரை சுழலும், நோயாளியின் கதிரை ஆடும், கூடவந்தவருக்குக் கதிரையே இருக்காது. எந்தத் தனியார் ஆஸ்பத்திரிக்குப் போனாலும் இதுதான் ஒழுங்கு. முன்கூட்டியே காசு கட்டிச் சனல் பண்ணி, நம்பர் துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு மணிக்கணக்காகக் காத்திருந்து, உள்ளே போய் வாய் திறப்பதற்குள் வெளியே வந்த அனுபவம் உங்களுக்கும் இருக்கும். உங்களை அப்படி வெளியே அனுப்பியவர்களில் நானும் ஒருத்தி. பதினொரு வருடம் சுழல்கதிரையில் இருந்துவிட்டு, போன வருடம் எழும்பி உங்கள் பக்கம் வந்துவிட்டேன். வந்த பிறகு நடந்தவைதான் இவை.

எழும்பி வந்த நாள்

நான் வேலை செய்த ஆஸ்பத்திரியில் ஒவ்வொரு அறைச் சுவரிலும் ஒரு சின்னத் திரை மாட்டினார்கள். நோயாளி உள்ளே வந்ததும் அதில் நிமிடம் ஓடத் தொடங்கும். ஏழாவது நிமிடத்தில் சிவப்பாகும். ஒருநாள் நெஞ்சு படபடப்பென்று வந்த ஒரு பள்ளிக்கூட ரீச்சர், கணவர் போனதிலிருந்து தனக்கு நித்திரை இல்லை என்று சொல்லத் தொடங்கினார். திரை சிவந்தது. அவரே அதைப் பார்த்துவிட்டு, "சொறி டொக்டர்" என்று மன்னிப்புக் கேட்டுக்கொண்டு பாதியில் எழும்பிப் போய்விட்டார். அவர் போனதும் எனக்குள் ஒரு சின்ன நிம்மதி வந்தது. அந்த நிம்மதியைக் கண்டுதான் நான் பயந்தேன். அந்தக் கிழமையே வேலையை விடுகிறேன் என்று கடிதம் கொடுத்தேன்.

என் அறைக்கு ஆட்களைக் கூப்பிட்டு அனுப்பும் பிலோமினா அக்கா, என் சாமான்களைப் பெட்டியில் அடுக்கித் தந்தார். அழுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் பெட்டியை மூடிவிட்டுச் சொன்னார்: "நோயாளி சொல்லாமல் கொள்ளாமல் ஓடினதை எத்தனையோ தரம் கண்டிட்டன். டொக்டர் கடிதம் குடுத்திட்டு ஓடுறதை இண்டைக்குத்தான் காணுறன்."

போர்டில் என்ன எழுதுவது

துறைமுகத்தைப் பார்த்திருக்கும் ஓர்ஸ் ஹில்லில், எங்கள் வீட்டு முன்னறையில் ஒரு மேசையைப் போட்டேன். மருந்து எழுதுவதில்லை, ஊசி போடுவதில்லை. வருகிறவரின் ரிப்போர்ட்டுகளை ஆறுதலாக வாசித்து விளங்கப்படுத்துவேன். கேட்டால் அவரோடு கூடப்போய், டொக்டருக்கு முன்னால் அவர் பக்கத்தில் இருப்பேன். இவ்வளவுதான் திட்டம். முதல் மாதம் வந்தவர்கள் எல்லோரும் மருந்து கிடையாது என்றதும் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு போனார்கள். போர்ட் ஒன்று இருந்தால் இந்த வில்லங்கம் தீரும் என்று நினைத்து, கிண்ணியாவிலிருந்து ஜவாத் நானாவைக் கூப்பிட்டேன்.

போர்ட் எழுதுவதில் அவர் கெட்டிக்காரர். ஆனால் விளங்காத எதையும் எழுதமாட்டார். என் தொழிலை மூன்று தரம் விளக்கினேன். தூரிகையைத் தூக்கிப் பிடித்தபடி கவனமாகக் கேட்டுவிட்டு அவர் கேட்டார்: "அப்ப மிஸ், ஆஸ்பத்திரிக்குப் போறது வேற ஆள், பாக்கிறது வேற டொக்டர், நீங்க சும்மா பக்கத்தில இருப்பீங்க. மாப்பிள்ளைத் தோழன் வேலை எண்டு எழுதட்டா?"

மூன்று கவர்

"நோயாளர் துணை" என்று எழுதிய அந்தப் போர்டை நம்பி வந்த முதல் ஆள் பாலையூற்று அன்ரன். மனைவி ஜெசிந்தாவும் கூட வந்திருந்தார். அன்ரன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். இருபது வருடத்துக்கு மேல் கப்பல் சாமான்களை மேலிருந்து இறக்கிய மனிதர். நாலு மாதமாகத் தலைச்சுற்று. ஒருநாள் ஏணியில் தடுமாறியதைக் கண்டு அவரைக் கீழே ஸ்டோருக்கு மாற்றிவிட்டார்கள். இன்னும் மூன்று கிழமையில் வேலையிடத்து மருத்துவச் சோதனை. அதில் ஏலாது என்று எழுதிவிட்டால் பிறகு ஆயுளுக்கும் கிரேனில் ஏற முடியாது. "ஸ்டோரில கதிரையில இருந்து பெட்டி எண்ணுறன் டொக்டர்" என்றார்.

ஜெசிந்தா பையிலிருந்து மூன்று கவர்களை எடுத்தார். இதய டொக்டருக்குச் சிவப்பு, சீனி வருத்த டொக்டருக்கு மஞ்சள், தலைச்சுற்றுப் பார்க்கும் டொக்டருக்கு நீலம். எந்த டொக்டரிடம் போகிறார்களோ அந்தக் கவர் மட்டும் போகும். மற்ற இரண்டும் வீட்டு அலுமாரியில். என்னிடம் வந்தவர்களின் கையிலும் எப்போதும் என் மருந்துத் துண்டு மட்டும்தான் இருந்தது. அதை நான், வேறு டொக்டரே தேவைப்படாத என் கைராசி என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தேன்! ஏன் இப்படிச் செய்கிறீர்கள் என்று கேட்டேன். ஜெசிந்தா என்னை இரக்கத்தோடு பார்த்தார்: "ஒரு டொக்டரின்ர துண்டை மற்ற டொக்டருக்குக் காட்டுறது மரியாதை இல்லைத்தானே? அவர் என்ன நினைப்பார்?"

வெள்ளையும் மஞ்சளும்

வீட்டிலுள்ள மருந்து எல்லாவற்றையும் கொண்டுவரச் சொன்னேன். அடுத்த நாள் காலை என் மேசை நிறைந்துவிட்டது. அரை மணி நேரத்தில் விசயம் பிடிபட்டது. இதய டொக்டர் கொடுத்த வெள்ளைக் குளிசையும் சீனி டொக்டர் கொடுத்த மஞ்சள் குளிசையும் ஒரே பிரஷர் மருந்து. கம்பனி வேறு, பெயர் வேறு, அவ்வளவுதான். அன்ரன் இரண்டையும் ஒழுங்காக விடியச் சாப்பிட்டிருக்கிறார். இருத்திப் பிரஷர் பார்த்தேன், குறைவு. எழும்பி நிற்கச் சொல்லிப் பார்த்தேன், இன்னும் இறங்கியது. அதனால் வந்த தலைச்சுற்றுக்கு நீலக்கவர் டொக்டர் இன்னொரு குளிசை கொடுக்க, அது ஆளைத் தூக்கத்தில் போட்டிருக்கிறது.

என் கை தானாகப் பேனாவைத் தேடியது. ஒன்றை வெட்டிவிட்டால் முடிந்தது! ஆனால் அப்படிச் செய்தால் நான் நாலாவது கவர் ஆகிவிடுவேன். அன்று பின்னேரமே இதய டொக்டரிடம் போவோம், எல்லாவற்றையும் அவருக்குக் காட்டுவோம் என்றேன். அன்ரன் அந்த இரண்டு குளிசையையும் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். "ரெண்டும் ஒண்டெண்டால் சரி டொக்டர். இப்ப நான் ஆரைக் கோவிக்கப் பண்ணுறது?"

கூடவந்தவர்

இதய டொக்டர் இருந்தது நான் விட்டுவந்த அதே ஆஸ்பத்திரியில். பதினொரு வருடம் என் பக்கத்து அறைக்காரர். என்னைக் கண்டதும் எழும்பி, பிறகு நான் எதற்கு வந்தேன் என்று விளங்காமல் திரும்பக் கதிரையில் இருந்துவிட்டார். பிலோமினா அக்கா எனக்கொரு பிளாஸ்ரிக் கதிரை கொண்டுவந்து போட்டார். திரையில் நிமிடம் ஓடியது. "எப்பிடி இருக்கிறீங்கள் அன்ரன்?" என்று டொக்டர் கேட்டார். "நல்ல சுகம் டொக்டர்" என்றார் அன்ரன்! எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. நானே எல்லாவற்றையும் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்கும் நோயாளியைப் பேசவிடாத பழைய புத்திதானே காரணம் என்று மூடிக்கொண்டேன். "உங்கட கிரேனைப் பற்றிச் சொல்லுங்கோ" என்று மட்டும் அன்ரனின் காதோடு சொன்னேன்.

அவர் நிலத்தைப் பார்த்தபடி, "நான் திரும்ப மேல ஏற வேணும் டொக்டர்" என்றார். உடனே ஜெசிந்தா மூன்று கவரையும் ஒன்றன்மேல் ஒன்றாக மேசையில் வைத்தார். டொக்டரின் முகம் கறுத்தது. முதலாவதைத் திறந்தார், இரண்டாவதைத் திறந்தார். திரை சிவந்தது. அவர் அதைக் கவனிக்கவேயில்லை. சீனி டொக்டருக்கும் தலைச்சுற்று டொக்டருக்கும் போன் எடுத்துக் கதைத்தார். மஞ்சள் குளிசையும் ஆளைத் தூக்கத்தில் போட்ட குளிசையும் நிறுத்தப்பட்டன. நாங்கள் வெளியே வரும்போது டொக்டர் என்னிடம் மெல்லச் சொன்னார்: "இவையள் மறைச்சினம், சரி. நாங்களும் மற்ற டொக்டர் என்ன குடுத்தவர் எண்டு கேக்கிறது மரியாதை இல்லை எண்டுதானே இவ்வளவு காலமும் இருந்தனாங்கள்."

மேலே இருந்து

மூன்று கிழமைக்குள் தலைச்சுற்று நின்றது. சோதனை நடந்த அன்று எனக்குத்தான் சோறு இறங்கவில்லை. மத்தியானம் ஜெசிந்தா போன் எடுத்து, "எழுதிப்போட்டினம் டொக்டர், ஏறலாமாம்" என்று சொல்லிவிட்டு அழுதார். நானும் அழுதேன். பதினொரு வருடத்தில் ஒரு நோயாளிக்காக இப்படிச் சந்தோசப்பட்ட ஞாபகம் எனக்கில்லை.

அடுத்த திங்கள், தேத்தண்ணி நேரத்தில், அன்ரனே போன் எடுத்தார். கிரேனிலிருந்துதான் கதைக்கிறாராம். காற்றுச் சத்தம் கேட்டது. தலை சுற்றுகிறதா என்று கேட்டேன், பார்வை தெளிவா என்று கேட்டேன். "வடிவாத் தெரியுது டொக்டர். உங்கட குசினிக்கு மேல ரெண்டு ஓடு விலகிக் கிடக்கு, மாரிக்கு முதல் ஆளைப் பிடிச்சுச் சரிப்படுத்துங்கோ."

போர்ட் மாட்டும் ஏணியைக் கொண்டுவந்து ஏறிப் பார்த்த ஜவாத் நானா விலகியது மூன்று ஓடு என்றார். அவ்வளவு தூரத்திலிருந்து, யாரையும் ஏழு நிமிடத்தில் வெளியே அனுப்பாமல் செய்த நோயறிதலில் ஓர் ஓடு தவறியதை நான் பெரிதாக எடுக்கவில்லை.